தகவலின் தாயே, வருக!

சொந்தக்காரர்கள் நமக்குக் கெடுதல் செய்தால் சமாளித்துவிடலாம். பேச்சை நிறுத்தலாம், விசேஷத்துக்குக் கூப்பிடாமல் இருக்கலாம். நல்லது செய்கிறேன் என்று கிளம்பிவிட்டால்தான் ஒன்றும் செய்ய முடியாது. அதைத் தடுக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன். சட்டத்தைத் தேடுவதுதான் என் வேலையே.

நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறேன். (புத்தகத்துக்கு அட்டை போடுகிற வேலை என்று எங்கள் வீட்டில் இன்றுவரை நம்புகிறார்கள்.) அடுத்தவர் எழுதியதையும் எடுத்த படத்தையும் கேட்காமல் எடுத்துப் போடாதீர்கள், அடுத்தவர் போன் நம்பரையும் பிறந்த தேதியையும் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள் என்று மாணவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். காப்புரிமை, தனிநபர் தகவல் பாதுகாப்பு என்று அதற்குப் பெரிய பெயர். யாரும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் சொல்ல வேண்டும். இதெல்லாம் நடந்தபோது என் வேலை தற்காலிகம்தான். வருடம் முடிந்ததும் என்னை வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது தலைமை நூலகர் மேடம் கையில் இருந்தது.

மேடம் கண்டிப்பானவர். அவருடைய சொந்த நம்பர் அலுவலகத்தில் பலருக்குத் தெரியாது. எனக்குக் கொடுத்தபோது, "யாருக்கும் தரக் கூடாது செல்வி" என்றார். "ஐயோ, நானா மேடம்?" என்றேன். அந்தக் குரலில் இருந்த பெருமையை நினைத்தால் என்னை நானே நாலு சாத்து சாத்த வேண்டும்போல் இருக்கிறது.

கல்லூரி மாணவர்களுக்கு ஒருநாள் கூட்டம் நடத்த முடிவானது. எங்கே வைக்கலாம் என்று மேடம் வாயைத் திறந்ததுதான் தாமதம், முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்து நின்றேன். "எங்க ஊர் செஞ்சியிலயே வச்சுக்கலாம் மேடம். சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் பஸ் இருக்கு. மண்டபத்தை எங்க மாமா பாத்துக்குவார்." ஊரில் நாலு பேர் என்னை மேடையில் பார்க்க வேண்டும் என்கிற ஆசை. வேறொன்றும் இல்லை.

மாமா என்றால் ஏழுமலை மாமா, அம்மாவின் தம்பி. மல்லாட்டை வியாபாரி. (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.) வல்லம் பக்கத்து விவசாயிகளிடம் மூட்டை மூட்டையாக வாங்கி எண்ணெய் மில்லுக்கு அனுப்புவார். தங்கமான மனிதர். ஒரே ஒரு வியாதி, டிஜிட்டல் பேனர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, யாராவது பத்தாம் வகுப்பு பாஸ், எதுவாக இருந்தாலும் கூட்டு ரோட்டில் பேனர் நின்றுவிடும். நடுவில் விசேஷத்துக்கு உரியவர், அடியில் வரிசையாகச் சொந்தக்காரர்களின் தலைகள். ஒரு தலை விட்டுப்போனாலும் அந்தக் குடும்பத்தோடு பேச்சுவார்த்தை அறுந்துவிடும். அதனால் மாமா எந்தத் தலையையும் விடமாட்டார்.

கூட்டத்துக்கு முதல் நாள் மதியம் அவர் போன் செய்தார்.

"செல்வி, மேடம் பேர கரெக்டா அனுப்பு கண்ணு. வாசல்ல வரவேற்பு வைக்கணும். தப்பா போட்டா மரியாதையா இருக்குமா?"

வரவேற்பு என்றால் பன்னீர், கற்கண்டு, ஒரு கரும்பலகை என்று நினைத்துக்கொண்டேன். டைப் அடிக்கச் சோம்பல். என் போனில் மேடம் பெயரை எப்படிச் சேமித்திருந்தேனோ அப்படியே அவருக்குத் தள்ளிவிட்டேன். அப்படித் தள்ளினால் பெயரோடு நம்பரும் போகும், அந்த நம்பரைச் சேமித்தால் வாட்ஸ்அப்பில் மேடம் வைத்திருக்கிற படமும் தெரியும். இந்த ஆபத்தைத்தான் நான் வகுப்பு வகுப்பாகப் போய் விளக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மண்டபத்து வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினேன். மண்டபத்தைக் காணவில்லை. பேனர்தான் இருந்தது.

"காப்புரிமையின் காவலே! தனிநபர் தகவலின் தாயே! வருக! வருக!"

நடுவில் மேடம். ஏதோ தண்ணீர் விளையாட்டுப் பூங்காவில் எடுத்த படம். தலையில் ரோஸ் கலர் நீச்சல் குல்லா. அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த பேரனை மட்டும் கவனமாக வெட்டி எடுத்திருந்தார்கள். பேரனின் ஒரு கை வரவில்லை. அது மேடத்தின் கழுத்திலேயே இருந்தது. பின்னணியில் எங்கள் ஊர் ராஜகிரிக் கோட்டை. யாரோ எடுத்த படத்தை இணையத்திலிருந்து இறக்கியிருந்தார்கள், எடுத்தவரின் பெயர் குறுக்கே ஓடியது. அதை மறைக்க மாமாவின் தலையை அதன்மேல் வைத்திருந்தார்கள். போதவில்லை. என் நைனாவின் தலையையும் வைத்திருந்தார்கள். அப்படியும் இரண்டு தலைகளுக்கு நடுவில் பாதிப் பெயர் எட்டிப் பார்த்தது. நான்கு மூலையிலும் பல்கலைக்கழகத்தின் சின்னம். என் படத்துக்குக் கீழே பிறந்த தேதி, ராசி, நட்சத்திரம். (வரன் தேடுகிற வேலையும் முடிந்த மாதிரி ஆயிற்று என்பது மாமாவின் கணக்கு.)

கடைசி வரியை அதற்குப் பிறகுதான் படித்தேன். "மல்லாட்டை நல்ல விலைக்கு எடுக்கப்படும். தொடர்புக்கு" என்று போட்டு, பக்கத்தில் மேடத்தின் சொந்த நம்பர்.

"மாமா! இன்னா மாமா இது?"

"ஏன், கலர் தூக்கலா இருக்குதா?"

"மேடம் நம்பர ஏன் போட்டீங்க?"

"பசங்களுக்கு டவுட்டு வந்தா யார கேப்பாங்க? அதான் போடச் சொன்னேன்."

"மல்லாட்டை எதுக்கு மாமா?"

அப்போதுதான் அவரும் அடி வரியைப் பார்த்தார். "அடப்பாவி! பேனர்காரன் என் கடை பேனர்லயே மாத்தி அடிச்சிட்டான். என் நம்பர எடுத்துட்டு மேடம் நம்பர போட்டுக்கினு, மேல இருக்குறத அழிக்காம வுட்டுட்டான்." கொஞ்சம் யோசித்துவிட்டு என் தோளைத் தட்டினார். "சரி வுடு. வியாபாரம் போனா என்துதான போவுது. நீ டென்சன் ஆவாத."

கழற்றலாம் என்றால் கம்பு கட்டியவர்கள் போய்விட்டார்கள். வாசலில் கட்டியிருந்த வாழை மரத்தை இழுத்து வந்து நம்பரை மறைத்தோம். குல்லாவை மறைக்க எந்த மரமும் எட்டவில்லை. அதற்குள் கார் வந்து நின்றது.

மேடம் இறங்கினார். அண்ணாந்து பார்த்தார். தன் கழுத்தில் இருந்த கையை நெடுநேரம் பார்த்தார்.

"இதை யார் வச்சது?"

"தெரியல மேடம். ஊர்க்காரங்க யாரோ..." (என் படமும் என் நட்சத்திரமும் இருக்கிற பேனருக்குக் கீழே நின்றுகொண்டு இதைச் சொன்னேன்.)

அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். அவர் பெரிய மனசு பண்ணிவிட்டார், நம்பரை வாழை மரம் காப்பாற்றிவிட்டது, என் வேலை பிழைத்தது என்று நினைத்தேன். பேனர் கட்டி முடித்ததுமே மாமா அதைப் படம் எடுத்து மல்லாட்டை விவசாயிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

மேடம் பேச ஆரம்பித்தார். "நம்ம நம்பர் ஒரு தடவை நம்ம கையை விட்டுப் போச்சுன்னா..." என்றதும் அவர் போன் அடித்தது. கட் செய்தார். மறுபடி அடித்தது. மறுபடி கட் செய்தார். மறுபடியும் அடித்ததும் எரிச்சலில் கை தவறி ஸ்பீக்கரை அழுத்தி, மைக் பக்கத்திலேயே எடுத்துவிட்டார். மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அம்மா, வல்லத்துலருந்து பேசுறேன். பத்து மூட்ட இருக்குது. இன்னா வெல குடுப்பீங்க?"

"யாருங்க நீங்க? என் நம்பர் எப்படிக் கிடைச்சது?"

"இன்னாம்மா, நீங்களே பேனர்ல குடுத்துட்டு கேக்குறீங்க. குல்லா போட்ட அம்மாதான? நல்லா காய வச்சதும்மா. துளி ஈரம் இருக்காது."

அதுவரை பாதித் தூக்கத்தில் இருந்த மண்டபம் எழுந்து உட்கார்ந்து சிரித்தது. மேடம் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். பழியை முழுதாக மாமா தலையில் போட்டுவிடலாம் என்று மனசுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தபோது, மாமாவே மேடை ஏறி மைக்கை வாங்கினார்.

"மேடம் கோச்சிக்கக் கூடாது. பேனர் நான் வச்சதுதான். ஆனா எனக்கு உங்க நம்பர் எப்டித் தெரியும்? எல்லாம் எங்க செல்விதான் குடுத்துச்சு. அது இல்லன்னா இந்த வரவேற்பே இல்ல. எங்க குடும்பத்துக்கே பெருமை. ஒரு கைதட்டு குடுங்க!"

கைதட்டினார்கள். பலமாகவே தட்டினார்கள். எனக்கு மேடையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விட வேண்டும்போல் இருந்தது. மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார், நல்லபடியாகப் புகழ்ந்துவிட்ட திருப்தியில்.

அன்று முழுக்க அழைப்புகள் நிற்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில், "ராங் நம்பர்னு சொல்லிடுறேன், குடுங்க மேடம்" என்று மாமா போனை வாங்கிக்கொண்டார். திருப்பிக் கொடுப்பதற்குள் இரண்டு பேரிடம் விலை பேசி முடித்திருந்தார். சாயங்காலம் காரில் ஏறும்போது மேடம் என்னைக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று முடிவு செய்துகொண்டு போய் நின்றேன்.

"நம்பரைக் கொடுத்தது தப்பு. தெரியாதுன்னு சொன்னது அதைவிடப் பெரிய தப்பு."

"ஆமா மேடம்."

"ஆனா இத்தனை வருஷத்துல யாருமே தூங்காம நான் பேசி முடிச்சது இன்னைக்குத்தான். அந்தப் பேனரை ஒழுங்கா ஒரு படம் எடுத்து வை. இனி எல்லாக் கூட்டத்துலயும் அதைக் காட்டித்தான் ஆரம்பிக்கப்போறேன். கூட நீயும் வரணும். அதனால உன்னை வீட்டுக்கு அனுப்ப முடியாது."

வேலை நிலைத்தது. மானம்தான் போயிற்று. இப்போது ஊர் ஊராகப் போய், இதில் எத்தனை தவறுகள் இருக்கின்றன என்று என் முகத்தையே காட்டிக் கேட்கிறோம். அதிலும் ஒரு கூத்து. பேனரைக் காட்ட வேண்டுமானால் அதை வைத்தவரின் அனுமதியும், அதில் இருக்கிறவர்களின் சம்மதமும் எழுத்தில் வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். அனுமதி வாங்க மாமாவிடம் நான்தான் போனேன். அவர் என்னை அரை நாள் காக்க வைத்து, மற்ற தலைகளை எல்லாம் மங்கலாக்கினாலும் தன் தலையை மட்டும் பளிச்சென்று விட வேண்டும் என்கிற நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டார்.

அத்தோடு விட்டார்களா? போன மாதம் என் தம்பியின் நிச்சயதார்த்தம். சொந்தங்கள் எல்லாம் போட்டோவுக்கு வரிசையாக நின்றார்கள். நானும் ஓரமாகப் போய் நின்றேன்.

"ஏம்ப்பா, இரு இரு" என்று போட்டோகிராபரைத் தடுத்தார் மாமா. "எங்க செல்வி மூஞ்சிய சும்மா எடுத்துடாத. எழுதி வாங்கிக்கோ. சட்டம் இருக்குது."

மொத்தக் கும்பலும் ஒரே குரலில், "எழுதிக் குடு! எழுதிக் குடு!" என்றது. அம்மா உட்பட. வெளியூரிலிருந்து வந்த அந்த போட்டோகிராபர் பயந்துபோய் நிஜமாகவே பேனாவை நீட்டினார். தாம்பூலப் பையின் மேல் 'எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் என்னைப் பந்தியில் உட்கார விட்டார்கள்.