நானூறு பேருக்கு ஒரு சாம்பிள்

நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தை உருட்டியது ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மனித குலம் மார்தட்டிக்கொள்ள வேண்டிய சாதனை, அவிநாசி வட்டாரத்தில் ‘டிஜிட்டல் இடைவெளி’ ஒழிக்கப்பட்டதுதான். அரசும் மக்களும் கைகோத்து ஒழித்தார்கள். அரசு ஒரு டேப்லெட்டும் ஒன்பது பேனரும் தந்தது. மக்கள் சார்பில் பனியன் கம்பெனி முதலாளிகளின் நற்பணி மன்றம் மண்டபமும் டீயும் தந்தது. கற்றுக்கொள்ள வேண்டிய நானூறு தொழிலாளிகளை யார் தருவது என்று மட்டும் ஒப்பந்தத்தில் இல்லை.

மன்றத் தலைவர் சுப்பண்ணன் முப்பது வருட ஏற்றுமதியாளர். அவருக்கா வழி தெரியாது?

“எத்தனை ஆயிரம் பீஸ் ஆர்டருன்னாலும் சரக்கு வாங்கற வெளிநாட்டு பையருக்கு ஒரு சாம்பிள்தானுங்க அனுப்புவோம். அது ஓகேன்னா எல்லாம் ஓகேங்க. நானூறு பேரையும் அனுப்பிப் போட்டா லைன் நின்னு போகுமுங்க.”

திட்ட அலுவலர் மகுடேஸ்வரன் ஆழ்ந்து சிந்தித்தார். “ஃபைல்ல ‘மாதிரிப் பயனாளி’ன்னு போட்டுக்கலாமுங்க.”

அப்படித்தான் வேல்விழி சாம்பிள் ஆனாள். நெல்லைப் பக்கமிருந்து பிழைக்க வந்து சுப்பண்ணன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். டேப்லெட்டில் பச்சைப் பொத்தானை அழுத்த ஒரு மணி நேரத்தில் கற்றாள். அழுத்தினால் ‘வாழ்த்துகள்’ என்று வரும். ஊர் ஊராக நடந்த விளக்கக் கூட்டங்களுக்கு அவளைக் கூட்டிப் போனார்கள். ஊத்துக்குளியில் அழுத்தினாள், பூண்டியில் அழுத்தினாள். போன இடமெல்லாம் கைதட்டினார்கள்.

அவளுக்கோ வேறு கவலை. பிளஸ் டூ முடித்த மகள் அனுப்ரியா அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

“சார், இதுலயே எம்மவ காலேஜுக்கு எழுதிப் போட்டுரலாம்லா?”

“சாம்பிளை உடுத்தக்கூடாதுங்கம்மா, அழுக்காயிரும்” என்றார் சுப்பண்ணன், மிகுந்த அன்போடு.

கடைசி நாளன்று மகள் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். ஓடிபி வருவதோ அம்மாவின் பட்டன் போனுக்கு. அன்று பார்த்து நிறைவு விழா. முதலாளியே காரில் ஏற்றிப்போக வந்தால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வாள்? மண்டப வாசலில், ‘விழாவின் மாண்பு கருதி’ எல்லார் போனையும் ஒரு கூடையில் வாங்கி வைத்தார்கள்.

“ஓடிபி வரும் சார். மவளுக்குச் சொல்லணும்.”

“டிஜிட்டல் விழாவுல போன் அடிச்சா நல்லாருக்காதுங்கம்மா” என்றார் மகுடேஸ்வரன்.

விண்ணப்பம் ஐந்து மணியோடு முடிகிறது. நாலரைக்குத்தான் பொன்னாடைகளே ஆரம்பித்தன. ஆறு மணிக்குக் கூடையிலிருந்து போனை எடுத்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏழு ஓடிபி வந்திருக்கு சார். ஒண்ணும் உதவாது இனி. எம்மவளுக்கு ஒரு வருசம் போச்சி.”

சொல்லிவிட்டு அழுதாள். பெற்ற வயிறு, பாவம், வேறென்ன செய்யும்?

மகுடேஸ்வரனும் நெகிழ்ந்துபோனார். நெகிழ்ச்சி ஆறுவதற்குள் அறிக்கையின் கடைசிப் பத்தியை எழுதி முடித்தார்: ‘மாதிரிப் பயனாளியை ஒரே பிற்பகலில் ஏழு மின்னணுச் சேவைகள் தேடி வந்தன. மீதமுள்ள 399 பேருக்கும் இதே நிலை உறுதி செய்யப்படும்.’