கேப்டனுக்குப் புகை ஆகாது

டெம்பரன்ஸ் போர்க்கப்பல்,
விகோ துறைமுகம், ஸ்பெயின்.
அக்டோபர் 1871

அன்பிற்குரிய அக்கா தாமசினுக்கு, தம்பி ஜொசாயா வணக்கத்துடன் எழுதுவது. நான் இதுவரை உயிரோடு இருக்கிறேன். உன் மூட்டுவலியும் அத்தானின் இருமலும் தணிந்திருக்கும் என நம்புகிறேன். டெவன்போர்ட்டில் மழை விட்டதா?

நிற்க. இந்தக் கப்பல் தண்ணீரில் இறங்கிய நாளிலிருந்தே எனக்கு நிம்மதி போயிற்று. பாயும் உண்டு, என் பொறுப்பில் நீராவி எந்திரமும் உண்டு. ஒரே அடுப்படியில் இரண்டு சம்பந்திகள் மாதிரி. எங்கள் கேப்டன் பென்டார்விஸுக்குப் புகை ஆகாது. வெள்ளைப் பாயில் கரி விழுந்தால் தன் மூக்கிலேயே விழுந்ததுபோல் துடிப்பார். மால்டாவில் தளபதி மனைவியின் தொப்பியில் கரி படிந்ததற்கு என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார். அதனால் துறைமுகம் தாண்டியதும் அடுப்பை அணை, புகைபோக்கியை மடக்கு, கப்பலைத் தள்ளும் பித்தளை விசிறியைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்கு என்று ஆணை.

போன செவ்வாய்க்கிழமை ஸ்பெயின் கரையோரம் காற்று சட்டென்று நின்றுவிட்டது. பாய்களெல்லாம் ஈரத்துணியாய்த் தொங்குகின்றன, நீரோட்டமோ எங்களைப் பாறைப்பக்கம் இழுக்கிறது, அலை மோதுகிற சத்தம் வயிற்றுக்குள்ளேயே கேட்கிறது. கேப்டன் முன்பக்கத்திலிருந்து என்னிடம் ஓடிவந்தார்.

"டிரெவின், உம்ம கொதிகலனைப் பத்த வையும்யா!"

"பத்த வெச்சாச்சுங்க ஐயா."

"யாரைக் கேட்டு?"

"பயத்தைக் கேட்டுங்க."

விசிறியைத் தூக்கிக் கட்டியிருந்த கயிற்றைத் தளர்த்தினோம். விசிறி பாதி இறங்கி நடுவில் சிக்கிக்கொண்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தட்டினேன், கெஞ்சினேன், நீ கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னேன். சமையல்காரன் ஹாப்குட் பன்றிக்கொழுப்பைச் சட்டியோடு கொண்டுவந்து கவிழ்த்தான். "ராத்திரி வறுவல் கிடையாது, இப்பவே சொல்லிப்புட்டேன்" என்றான். "உயிர் இருந்தாத்தானேடா வறுவல்!" என்றேன்.

கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன்: எல்லாரும் விசிறிக்கு நேர் மேலே பின்தளத்துக்கு வந்து, அதிர்வில் சிக்கல் விடுபட, நின்ற இடத்திலேயே ஒன்றாகக் குதிக்க வேண்டும். கேப்டன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அப்புறம் தொப்பியைக் கழற்றிவிட்டு, முதல் ஆளாக அவரே குதித்தார் அக்கா! கப்பலே குதித்தது. தடாலென்று விசிறி இறங்கியது. பாறையில் உட்கார்ந்திருந்த பறவைகளின் மூக்கு தெரிகிற தூரத்தில் திரும்பினோம். பாயெல்லாம் ஒரே கரி. கேப்டன் அதை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

இனி என்னால ஆகாது அக்கா. கண்ணை மூடினா விசிறி சிக்குது. அடுத்தது சீனக் கடலாம், மூணு வருஷமாம். நீ சாகக் கிடப்பதாகக் கடற்படை அலுவலகத்துக்கு உடனே எழுது. கொஞ்சம் உருக்கமா எழுது.

அத்தானையும் பிள்ளைகளையும் ஆண்டவர் காக்கட்டும்.

உன் தம்பி,
ஜொசாயா டிரெவின்,
தலைமைப் பொறியாளர்

பி.கு.: கேப்டன் இப்போதுதான் வந்துபோனார். நான் களைத்துத் தெரிகிறேனாம், சீனாவுக்கு என் உதவியாள் கிரிம்ஷாவைப் போடட்டுமா என்றார். "அந்த ஆளா? எண்ணெய் எது, தேத்தண்ணி எதுன்னு தெரியாதுங்க அவனுக்கு! என் எந்திரத்தை அவன் தொடறதா?" என்று கத்திவிட்டேன். சீனாவுக்கு நானே வர்றேன்னு கையெழுத்தும் போட்டாச்சு. ஆகையால் நீ சாக வேண்டாம். கம்பளிக் காலுறை மட்டும் பின்னி அனுப்பு.