மனித மூளையைத் தொடாத சிம்பன்சி அண்ணா

மனிதர்களைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளாதவர் பெங்களூரில் யாருமில்லை. ஆனால் அவர்களுடைய மூளையின் மடிப்பே சரியில்லை என்று குறைப்பட்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரைச் சிம்பன்சி அண்ணா என்று கூப்பிடுவோம். அதை அவர் கேலியாக நினைக்கவில்லை, பதவியாக நினைத்தார்.

தொம்மலூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். மனித மூளையும் சிம்பன்சி மூளையும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று ஆராயும் வெளிநாட்டு டாக்டர்கள் ஸ்கேன் படங்களை அனுப்புவார்கள். மூளையில் இருக்கும் ஒவ்வொரு பள்ளத்தின் மேலும் மவுஸால் கலர் கோடு இழுப்பது எங்கள் வேலை. ஒரே மூளையை இரண்டு பேர் தனித்தனியாக வரைய வேண்டும். இரண்டும் பொருந்தினால் பாஸ்.

அண்ணா நீலசந்திராக்காரர். முன்பு கார்மென்ட்ஸ் கம்பெனியில், துணி வெட்டுவதற்குக் கோடு போட்டவர். அதனால் கை பிசகாது. காலையில் ஃபைலைத் திறந்ததும் உள்ளே இருக்கும் சிம்பன்சிக்கு வணக்கம் சொல்வார். வெறும் நம்பர் போட்டு வரும் ஃபைல்களுக்குச் சரோஜா, டேவிட், பெரிய மேரி என்று பெயர் வைத்திருந்தார். டேவிட் ரொம்ப சாது என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால், பார்த்தாலே தெரியவில்லையா என்று நம்மைச் சந்தேகமாகப் பார்ப்பார்.

ஒருமுறை மேனேஜர் ஒரு பையனைக் கன்னடத்தில் 'கோத்தி', அதாவது குரங்கு, என்று திட்டிவிட்டார். அண்ணா எழுந்து போய், மனிதனுக்கு நெருங்கிய சொந்தம் சிம்பன்சிதான், கோத்தி தூரத்து உறவு, ஆகையால் அந்தத் திட்டு செல்லாது என்று விளக்க ஆரம்பித்தார். திட்டு வாங்கியவன் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தும் விளக்கம் முடியவில்லை. அக்கா மகளுக்கு வரன் பார்க்கப் போன இடத்தில், ஜாதகம் இருக்கட்டும், பையனின் மூளை ஸ்கேன் இருக்கிறதா என்று கேட்டாராம். அந்த வரன் அமையவில்லை.

நான்கு வருடமாக அவர் ஒரு மனித ஃபைலைக்கூடத் தொட்டதில்லை. மேனேஜர் கொடுத்தால், எனக்கு அது வராது சார் என்று திருப்பி அனுப்பிவிடுவார். எங்களிடம் மட்டும் காரணம் சொல்வார்.

"சிம்பன்சிக்கு எடப்பக்கம் எப்டியோ, வலப்பக்கமும் கிட்டத்தட்ட அப்டித்தான். மனுஷனுக்கு ஒரு பக்கம் ஒரு தினுசா போகும், இன்னொரு பக்கம் வேற தினுசு. ஆளுக்கு ஆள் மாறும். எத நம்பிக் கோடு போடறது?"

நான் கிருஷ்ணகிரியிலிருந்து வந்து அங்கே சேர்ந்தேன். மூன்று மாதம் டிரெயினிங். அதில் தேறாவிட்டால் ஊருக்குத் திரும்பி அப்பாவின் உரக்கடையில் உட்கார வேண்டும். அப்பா நாற்காலியைத் துடைத்தே வைத்திருந்தார். எனக்கும், என்னோடு சேர்ந்த கவிதாவுக்கும் சிம்பன்சி ஃபைல்களை வைத்து வேலை கற்றுக்கொடுத்தவர் அண்ணாதான். முதலில் பின்பக்கம் போய்ப் பிறை மாதிரி வளைந்த பெரிய பள்ளத்தைப் பிடி, மிச்சமெல்லாம் தானாக வரும் என்பார். கண்ணை மூடிக்கொண்டு பிறை போடும் அளவுக்குத் தேறினோம்.

டிரெயினிங்கின் கடைசி வாரம் எங்களுக்கு முப்பது மனித மூளைகள் வந்தன. முப்பதையும் முடித்தோம். என் கோடும் கவிதாவின் கோடும் அச்சாகப் பொருந்தின. வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தப் பக்கமாகப் போன அண்ணா என் திரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது யாரு?"

"மனுஷன் அண்ணா."

"அப்ப பிறை எப்டி வந்திச்சி?"

மனித மூளையில் அந்த இடத்தில் அப்படியொரு பெரிய பள்ளம் பெரும்பாலும் இருப்பதில்லை. அதை அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. பழகிய கை இல்லாத பள்ளத்தை முப்பது பேருக்கும் வெட்டியிருந்தது. இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்ததால் கம்ப்யூட்டரும் பாஸ் போட்டுவிட்டது. திங்கட்கிழமை மேனேஜர் இதைத் திறந்து பார்த்துத்தான் எங்களை வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்வார். எனக்கு உர வாடையே அடிக்க ஆரம்பித்துவிட்டது.

அண்ணா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை முதல் சாயங்காலம் வரை எங்களோடு உட்கார்ந்து, ஒவ்வொரு மூளையிலும் எந்தப் பள்ளம் எங்கே போகிறது என்று காட்டினார். மனித குலத்தையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டுதான் காட்டினார். ஆனால் ஒரு பள்ளத்தைக்கூட அவர் தவறாகச் சொல்லவில்லை. இவ்வளவும் தெரிந்தவர்தான் நான்கு வருடமாக 'வராது' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் அவரே எல்லாவற்றையும் சொன்னார்.

"பசங்க மேல தப்பில்ல சார். நான் பாதிதான் சொல்லிக் குடுத்தேன். மீதிய இப்ப சொல்லிட்டேன், பாத்துக்குங்க."

எங்கள் இருவருக்கும் வேலை நிரந்தரமாயிற்று. அண்ணாவுக்கு மனித மூளையும் வரும் என்பது மேனேஜருக்கும் தெரிந்துபோயிற்று. மறுநாளிலிருந்து அவருடைய ஃபைல்களில் முக்கால்வாசி மனிதர்கள். தயங்கித் தயங்கி நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"விடுறா. சாப்டியா?"

எனக்கு அண்ணன், தம்பி யாரும் கிடையாது. ஒரு அண்ணன் இருந்திருந்தால் அவர் இவராகவே இருந்திருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக ஆசைப்பட்டேன்.