சைக்கிளை விட்டு நான் இறங்கிய விவரம்

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே என் இடது முழங்கால் நீங்கலாக எல்லோரும் நலம். அங்கே முழங்கால்கள் உட்பட அனைவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

மகள் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, பந்தயத்தில் எல்லோரும் சைக்கிள்மேல் இருக்க நீங்கள் மட்டும் ஏன் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாங்கள் வெளிநாட்டுக்கு, மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. சம்பந்தியும் இங்கேதான் இருக்கிறார். மின்வாரியத்தில் அவர் இன்ஜினியர், நான் அவருக்குக் கீழே லைன்மேன் என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் தாங்களாகவே முடித்துக்கொண்ட சம்பந்தம். எங்களை யாரும் கேட்கவில்லை. ஐந்து வருஷமாகியும் "என்னப்பா லைன்மேன்" என்றுதான் கூப்பிடுகிறார். ஒரே சோபாவில் டீ குடித்தாலும் நான் நுனியில்தான் உட்காருகிறேன். ஒரு தடவையாவது அவர் வாயால் சம்பந்தி என்று கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அப்போதுதான் இங்கே மலைப்பாதை சைக்கிள் பந்தயம் வந்தது. அறுபது தாண்டியவர்களுக்குத் தனிப் பிரிவு. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் முப்பத்திரண்டு வருஷம் ஓட்டியவனுக்கு இரண்டு கையும் சும்மா கிடைத்தால் கேட்க வேண்டுமா? பேர் கொடுத்துவிட்டேன். "கம்பத்துல ஏறுறது வேற, மலை வேறப்பா" என்றார் சம்பந்தி. உங்கள் அக்கா எதுவுமே சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

சைக்கிள் மாப்பிள்ளையுடையது, ஹெல்மெட்டும் அவருடையது, அது அடிக்கொரு தரம் கண்மேல் இறங்கியது, அதனால் முதல் வளைவிலேயே வேலிக்குள் போனேன், வெளியே வந்தால் ஓடை, முழங்கால் அங்கேதான் போயிற்று, அதற்குள் ஒரு கம்பத்தில் கம்பி தளர்ந்து தொங்குவதைப் பார்த்து அரை நிமிஷம் நின்றும் விட்டேன், பழக்கம் விடுமா. கியர் ஒன்றையும் தொடவில்லை. தொடத் தெரிந்தவர்கள் மேட்டில் மாற்றிச் செயின் கழன்று நின்றார்கள், நான் மிதித்துக்கொண்டே போனேன். கடைசி வளைவில் நிமிர்ந்து பார்த்தால் எனக்கு முன்னால் ஒருவருமில்லை.

முப்பதடியில் முடிவுக்கோடு. அதன் பக்கத்தில், ஆபீஸ் வாசலில் நிற்பாரே, அதேபோலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சம்பந்தி. கால் தானாகத் தரையில் ஊன்றிவிட்டது. இறங்கி, சைக்கிளை ஓரம் கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, "வணக்கம் சார்" என்றேன். நாலு பேர் தாண்டிப் போனார்கள். படமெடுத்தது அப்போதுதான்.

"ஏன்யா எறங்குன?" என்றார்.

"நீங்க நிக்கிறீங்களே சார்."

அவர் திரும்பி நடந்துவிட்டார். சாயங்காலம் டீகூடக் குடிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, முழங்காலுக்காக என்று சொல்லிவிட்டேன்.

இனி சைக்கிளைத் தொடுவதில்லை என்று உங்கள் அக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை திரும்புகிறோம், விமான நிலையத்துக்கு வந்துவிடுங்கள். குழந்தைகளுக்கு ஆசிகள். பெரியவர்களுக்கு, வழக்கம்போல் நின்றுகொண்டே, என் வணக்கம்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: வெள்ளிக்கிழமை வர வேண்டாம். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். இதை உறையில் போடும்போது சம்பந்தி வந்து சோபாவில் உட்கார்ந்தார். எழுந்திருக்கப் போனவனைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அடுத்த மாதம் இன்னொரு பந்தயமாம், என் பேரை அவரே கொடுத்துவிட்டாராம். "இந்தத் தடவை நான் முதுகைக் காட்டி நின்னுக்கறேன் சம்பந்தி, நீங்க எறங்காம போயிடுங்க" என்றார்.