எங்கள் வீட்டில் பவனபேதனம்

பறக்கை
18-1-1952

பிரியமுள்ள மைத்துனன் கணபதியப்பனுக்கு, அத்தான் சிவதாணு எழுதுவது. இங்கே நானும் உன் அக்காள் பார்வதியும் தாணுமாலயன் கிருபையால் சுகம். சென்னையில் உன் சுகத்துக்கு எழுதவும்.

நம் வீட்டில் பவனபேதனம் நடந்திருக்கிறது. பதற வேண்டாம், பெருமைப்படு. சுசீந்திரம் தேர் பார்த்துத் திரும்பினால் அடுக்களையில் வெண்கல உருளியைக் காணோம். மறுநாளே வடசேரிச் சந்தையில் அதை விற்க வந்த சுயம்புலிங்கம் என்பவன் பிடிபட்டான். இங்கே ஸ்டேஷன் எழுத்தெல்லாம் மலையாளம்தானே; ஏட்டு ஞானதாசன் 'மோஷணம்', அதாவது திருட்டு, என்று எழுதப்போனார். விடுவேனா? பக்கத்து வீட்டுக் குலசேகரனுக்கு முற்றத்துச் செம்பு போனதும் மோஷணம், எனக்கும் மோஷணமா என்று கேட்டேன். "அண்ணாச்சி, தொறந்த கதவு வழியா வந்து எடுத்தா வெறும் மோஷணம். ஆளை மெரட்டிப் பறிச்சா கவர்ச்ச. அஞ்சு பேரு சேந்து வந்தா கொள்ளை. பூட்டைத் தொறந்தோ, மனுசன் போக வைக்காத வழியில நுழைஞ்சோ களவாண்டாத்தான் பவனபேதனம். அதுக்குத் தண்டனையும் கூட" என்றார். உடனே அந்தத் திருடன், "வாசல் வழியாத்தான் வந்தேன் அண்ணாச்சி, பூட்டே இல்ல" என்கிறான்! "ஏலே, என் வீடு என்ன சத்திரமா, நடந்து வந்து எடுக்க?" என்று கேட்டுவிட்டு, ஏட்டை வீட்டுக்கு அழைத்துவந்து அடுக்களையில் புகை போகும் துவாரத்தைக் காட்டினேன். "இதுல ஆளு நுழையுமா?" என்றார். நானே நுழைந்து காட்டினேன். இடுப்புவரை சுளுவாகப் போயிற்று, அப்புறம் போகவில்லை. ஏட்டுடன் வந்த இரண்டு போலீஸ்காரர்கள் காலைப் பிடித்து இழுத்தார்கள், தெருவே கூடிவிட்டது, குலசேகரன் சிரித்தான். சிரிக்கட்டும். அது மனிதன் போக வைக்காத வழி என்று இதைவிட எப்படி நிரூபிப்பது? ஏட்டு பவனபேதனம் என்று எழுதிக்கொண்டார். நம் தெருவில் இதுவே முதல்.

உனக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசி.

இப்படிக்கு,
சிவதாணு

பி.கு: ஒட்டுமுன் உன் அக்காள் வாங்கி வாசித்தாள். "பூட்டாமப் போனது நீங்க. பஸ்ஸு போயிரும்னு பறந்தது யாரு? அந்தக் களவாண்டவன் பெண்டாட்டி நெறமாசம். உங்க மானத்துக்காவ அவன் எதுக்குக் கூடுதலா உள்ள கெடக்கணும்?" என்றாள். நாளை கோர்ட்டில் கதவு திறந்துதான் கிடந்தது என்று சொல்லப்போகிறேன். ஆகவே மேலே பவனபேதனம் வரும் இடமெல்லாம் மோஷணம் என்று திருத்தி வாசிக்கவும். குலசேகரனுக்கு மட்டும் எழுதிவிடாதே.