வானத்தில் நான்கு மணி, தரையில் ஐந்து மணி

விருத்தாசலம்

அன்புமிக்க மாப்பிள்ளை அன்புச்செல்வன் அவர்களுக்கு, மாமனார் விருத்தகிரி எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தை பூங்கோதையும் உடம்பளவில் நலம். மஸ்கட்டில் நீங்களும், ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகள் கயல்விழியும் நலமாயிருக்கப் பழமலைநாதர் அருள்புரியட்டும். போனில் பேசினால் அத்தை பிடுங்கிக்கொள்கிறாள். அதனால் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன்.

பிரசவத்துக்கு எப்போது அழைத்து வருகிறீர்கள் என்று போன வாரம் கேட்டேன். "பிளைட்டு நாலு மணி நேரந்தான் மாமா, அது பிரச்சனையில்ல. சென்னை ஏர்போர்ட்டுலேந்து உங்க வூட்டுக்கு அஞ்சு மணி நேரம் கார்ல குலுங்கிட்டு வரணுமே, அதுதான் பயமா இருக்குது" என்றீர்கள். நிருபராகவே காலம் தள்ளியவன் நான். சரிபார்க்காமல் எதையும் நம்புவதில்லை. பார்த்தேன். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே வான்வழியில் ஏறக்குறைய இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். சென்னையிலிருந்து நம் வீடு இருநூற்றுச் சொச்சம். நேரக் கணக்கில் நீங்கள் சொன்னது சரி. அதைப் பூங்கோதையிடம் ஒப்புக்கொண்டதுதான் வினை.

"தலைப்பிரசவம் தாய்வூட்டுலதான். ரோட்டு மேலயா பழி போடுறாரு உங்க மாப்பிள்ள? கெளம்புங்க, பாத்துடுவோம்" என்றாள். மறுநாளே பீங்கான் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு பெண் பொம்மையை வாங்கி வந்தாள், வாடகைக் காரில் என்னை ஏற்றினாள், குலுக்கலில் உடைகிறதா பார்க்கலாம் என்று பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு சென்னை நெடுஞ்சாலையைத் தொடும் வேப்பூர் வரைக்கும் விடச் சொன்னாள். வைக்கோல் சுற்றாமல் பீங்கானை வண்டியில் ஏற்றுவதைப் பார்த்தால் நம் ஊரில் சிரிப்பார்கள், சிரித்தார்கள். ஓட்டுநர் காத்தவராயன், "சார், நெசமான புள்ளத்தாச்சியக்கூட நா இவ்ளோ மெதுவா கூட்டிட்டுப் போனதில்ல. பின்னாடி பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்சே செத்துடுவான்" என்று புலம்பினார். ஒவ்வொரு வேகத்தடையிலும் பூங்கோதை பொம்மையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். இது சோதனையில் சேராதே என்றேன். "எம் பொண்ண மட்டும் தாங்கிப் புடிக்க மாட்டனா?" என்றாள்.

போய்த் திரும்பினோம். பொம்மைக்கு ஒரு கீறல் இல்லை. வீட்டு வாசலில் என் கையில் கொடுத்தாள். செருப்பைக் கழற்றும்போது நழுவவிட்டேன்.

அவள் நேரே மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், மகளை அனுப்ப மறுக்கிறார் என்று உங்கள் மேல் சாமியிடம் புகார்ச் சீட்டாகப் பிராது எழுதிக் கட்டிவிட்டு வந்தாள். உடைத்தது நானாயிற்றே என்றேன். "உங்க மேல கட்டி என்னாத்த ஆவப்போவுது?" என்றாள். நாள் தள்ளிப்போனால் கர்ப்பிணியை விமானத்தில் ஏற்றவே யோசிப்பார்கள். ஆகவே மாப்பிள்ளை, இந்த மாதத்துக்குள் அழைத்து வந்துவிடுங்கள். எனக்கு அலுத்துவிட்டது.

உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கம். தாயும் பிள்ளையும் குறைவில்லாமல் இருக்க எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
விருத்தகிரி

பி.கு.: இதைப் படம் பிடிக்கும்போதே கயல்விழி அழைத்தாள். "அப்பா, அவரு கூட்டிட்டு வரேன்னுதான் சொன்னாரு. ரோட்டு மேல சாக்கு சொல்லச் சொன்னது நாந்தான். புள்ள பொறக்குறப்ப அவரு பக்கத்துல வேணும்பா. நீங்க ரெண்டு பேரும் இங்க வாங்களேன்" என்றாள். பூங்கோதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்த நாலு மணி நேரத்துல நடுவுல எங்கியாச்சும் நிறுத்துவாங்களா?" என்று கேட்டாள். நிறுத்தமாட்டார்கள் என்றேன். பிராதை நாளைக்குத் திரும்பப் பெறுகிறோம். இப்போது பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் புடவை மாற்றிக்கொண்டிருக்கிறாள்.