சீனத்து வங்கியும் என் இரண்டு நிமிட அறிமுகவுரையும்

பயந்தவனுக்கு வாய் அடைத்துப்போகும் என்கிறார்கள். எனக்குப் பயம் வந்தால் வாய் திறந்துகொள்ளும். பிறகு மூட மறந்துவிடும். அப்படித்தான் என் மகளின் முதல் தமிழ்ச் சொற்பொழிவை நானே பேசி முடித்தேன்.

மதுரா ரொறன்ரோவில் பிறந்தவள். பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள். சீனா இவ்வளவு வேகமாக வளர, அங்குள்ள அரச வங்கிகள் எங்கிருந்து பணம் எடுத்தன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதைத் தமிழில் பேசச் சொல்லி ஸ்காபரோவின் வோபர்னில் எங்கள் வாசகர் வட்டம் அழைத்தது. ஆங்கிலத்தில் எந்த மேடையிலும் தயங்காதவள், தமிழுக்காக ஆறு வாரம் கண்ணாடி முன் நின்று பழகினாள். அறிமுகவுரை நான். இரண்டு நிமிடம்.

நானோ எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறம்ரனில் ஒரு கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். பதினாறு வருடமாகச் சீனத்துப் பெட்டிகளை இறக்கி இறக்கி, இவ்வளவு தொழிற்சாலையும் கட்ட ஆர் காசு கொடுத்தது என்று வாய் பிளந்தவன். (கொடுத்தவருக்கு அது திரும்பிக் கிடைத்ததா என்ற கவலையும் எனக்குத்தான்.) மதுரா சாப்பாட்டு மேசையில் பேசிப் பார்த்தபோது ஒரு சொல் விடாமல் கேட்டேன். உடம்பெல்லாம் புல்லரித்தது.

அன்று மண்டபம் நிறைந்த சனம். மைக்கைப் பிடித்ததும் ஒரு பயம் வந்தது: பிள்ளையின் தமிழ் இவர்களுக்கு விளங்காமல் போனால்? கொஞ்சம் வழி வெட்டிவிடுவோம் என்று தொடங்கினேன்.

“உங்களுக்கு மாசா மாசம் காசு கட்டுற சீட்டுத் தெரியுமல்லோ? சீனா முழுக்க ஒரே சீட்டு எண்டு நினையுங்கோ. தலைவர் அரசாங்கம். சனம் வயித்தைக் கட்டிச் சேர்த்த காசெல்லாம் அரசாங்கத்தின்ரை வங்கியில. வட்டி சொட்டுத்தான். வெளிநாட்டுக்குக் கொண்டு ஓடவும் விடாயினம். அந்த மலிஞ்ச காசு இரும்பாலைக்குப் போகுது, றோட்டுக்குப் போகுது, ரயிலுக்குப் போகுது!”

சனம் தலையாட்டியது. என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்குத் தலையாட்டுவது நெருப்புக்குப் பெற்றோல் ஊற்றுவதுதான்.

“நகரசபை ஒரு கொம்பனி திறக்கும். காணியை ஈடு வைச்சுக் கடன் எடுக்கும். கடனிலை பாலம் போடும். பாலம் வந்தோடனை பக்கத்துக் காணி விலை ஏறும். அதை ஈடு வைச்சு அடுத்த பாலம்!”

இரண்டு கையாலும் காற்றில் பாலம் கட்டிக் காட்டினேன். முன்வரிசையில் என் மனைவி பவானி கைக்கடிகாரத்தைத் தட்டினாள். இன்னும் நேரம் கிடக்கிறதாக்கும் என்று நினைத்தேன். மேடையில் இருந்த மதுரா, நான் ஒவ்வொரு விஷயமாகச் சொல்லச் சொல்ல, தன் கையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு தாள் மிஞ்சியது. அதை அவள் பழகிய அன்று எனக்கு வேலை; அது மட்டும் நான் கேட்காதது.

வட்டத் தலைவர் இராசநாயகம் அண்ணை என் காதுக்குள் குனிந்தார். “தம்பி, மண்டபத்துக்கு இன்னும் ஏழு நிமிசந்தான் கிடக்கு.”

பவானி எதற்குக் கடிகாரத்தைத் தட்டினாள் என்று அப்போதுதான் விளங்கியது. இரண்டாம் வரிசையில் புஷ்பம் அன்ரி எழும்பினார்.

“தம்பி, நானும் சீட்டிலை காசு விட்டனான். கடன் எடுத்தவை கட்டாட்டி, நட்டம் ஆரின்ரை தலையில?”

வாயைத் திறந்தேன். பதில் அந்த மிஞ்சிய தாளில் கிடந்தது; மைக்கை மதுராவிடம் நீட்டினேன்.

மதுரா எழுந்தாள். “உங்கட தலையில, அன்ரி.”

புஷ்பம் அன்ரி கைப்பையை இறுக்கிக்கொள்ள, மதுரா தொடர்ந்தாள்.

“கட்டாத கடனை பாங்கில இருந்து எடுத்து, கவர்ன்மென்ட் வேற ஒரு கொம்பனிக்குள்ள வைக்கும். ஸோ, பாங்க் விழாது. ஆனா காசு போட்ட ஆக்களுக்கு வட்டி குறைவுதானே? வருசா வருசம், தெரியாமலே அவைதான் கட்டுகினம். அந்தப் பாலம் எல்லாம்...” சொல்லுக்காகத் தேடினாள். “உங்களை மாதிரி ஒரு அன்ரி, ஆசைப்பட்டதை வாங்காம விட்ட காசு.”

மண்டபத்தைப் பூட்ட வந்த காவலாளிகூடச் சாவிக் கொத்தைச் சத்தம் வராமல் பொத்திப் பிடித்தார். (அந்த மனிதருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது.) பதினாறு வருடமாக நான் இறக்கிய பெட்டிகளுக்குப் பின்னால் இப்படியொரு பெண் நின்றதை, என் பிள்ளை மூன்று நிமிடத்தில் காட்டிவிட்டாள். அவளுக்கு நாற்பது நிமிடம் கிடைத்திருந்தால்!

காரில் மெல்லக் கேட்டேன். “கோவமோ, மது?”

“அப்பா, நீங்கள் என்ரை பேச்சைச் சாப்பிட்டிட்டீங்கள்.” பிறகு சிரித்துவிட்டாள். “ஆனா பாலம் நல்லாக் கட்டினீங்கள்.”

போன வருடம் மார்க்கம் நகரில் அவளுக்குக் கலியாணம். தகப்பன் இரண்டு வார்த்தை பேசத்தானே வேண்டும் என்று ஒலிபெருக்கிக்காரரிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கைப்பேசியைப் பார்த்தார், மறுபடி என் முகத்தைப் பார்த்தார். திரையில் என் படம். கீழே மதுராவின் எழுத்தில்: ‘இவருக்கு மைக் குடுக்கக் கூடாது.’

“சொறி அண்ணை, மன்னிக்கோணும்,” என்றார்.

அந்தப் படம் இப்போது ஸ்காபரோவில் உள்ள மற்ற ஒலிபெருக்கிக்காரர்களிடமும் போய்விட்டதாகக் கேள்வி.